போர்க்களத்தில் ஒரு காமிரா: அது எந்தக் காமிரா?

யுத்தப் படம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் உங்கள் கண் எதைத் தேடும்? டாங்கிகளையும் விமானங்களையும் துப்பாக்கிகளையும்தான். இது இன்ன நாட்டு டாங்கி, இது இன்ன ரகத் துப்பாக்கி என்று என் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பதை நான் வியப்போடு கேட்டிருக்கிறேன். என் கண் தேடுவது வேறொன்றை. படத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர் யாராவது வந்துவிட்டால் போதும். அவர் கழுத்தில் தொங்கும் காமிரா என்ன ரகம், அது அந்த ஆண்டில் பிறந்திருந்ததா, அவர் அதைச் சரியாகக் கையாளுகிறாரா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். கதையின் நடுவில் ஒரு பகுதியை நான் தவறவிடுவதும் உண்டு!

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2025-ஆம் ஆண்டில் நடந்த ஒரு விசாரணை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் காமிராவை அடையாளம் காணும் வித்தையைக் கொஞ்சம் கற்றுக்கொள்வோம்.

முதலில் உருவத்தைப் பாருங்கள்

திரையில் ஒரு காமிரா இரண்டு வினாடிதான் தெரியும். அதன் பெயர் எழுத்துகளைப் படிக்க முடியாது. ஆகவே உருவத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். நல்லவேளையாக, காமிராவின் உருவத்தை அதற்குள் இருக்கும் ஒளியியல்தான் தீர்மானிக்கிறது.

படம் எடுப்பவர் தலையைக் குனிந்து, மார்புக்கு நேராகப் பிடித்த பெட்டிக்குள் பார்க்கிறாரா? பெட்டியின் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்கள் தெரிகின்றனவா? அது இரட்டை வில்லைக் காமிரா. ஜெர்மனியில் 1929-இல் வெளிவந்த ரோலிஃப்ளெக்ஸ் இந்தக் குடும்பத்தின் தலைமகன். கீழ்க்கண் படச்சுருளுக்கு, மேற்கண் நமக்கு. மேல் வில்லை வழியாக வரும் ஒளியை 45 பாகை சாய்ந்த ஒரு சமதள ஆடி மேலே திருப்பி, சொரசொரப்பான கண்ணாடித் தட்டின்மேல் விழச் செய்கிறது.

கேட் வின்ஸ்லெட் நடித்த 'லீ' என்ற படத்தில் (2023) இந்தக் காமிராவை நன்றாகப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் 'வோக்' பத்திரிகைக்காகப் போர்முனைக்குச் சென்ற லீ மில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதை அது. அவர் உண்மையிலேயே ரோலிஃப்ளெக்ஸ்தான் பயன்படுத்தினார். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆடியில் தெரியும் பிம்பம் இடவல மாற்றம் அடைந்திருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு சிப்பாய் வலப்பக்கம் ஓடினால் கண்ணாடித் தட்டில் அவன் இடப்பக்கம் ஓடுவான். அவனைப் பின்தொடர, கண் சொல்வதற்கு எதிர்த்திசையில் கை திரும்ப வேண்டும். என் மாமாவின் புகைப்பட ஸ்டூடியோவில் இப்படிப்பட்ட இரட்டைக்கண் காமிரா ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு தெருவில் ஓடும் ஆட்டுக்குட்டியைப் படம் பிடிக்க முயன்று, பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட ஆடு விழாமல் செய்த பெருமை எனக்கு உண்டு! இதில் 120 என்ற அகலச் சுருளைப் போட்டால் மொத்தமே 12 படங்கள்தாம் எடுக்கலாம். குண்டுகள் பறக்கும் இடத்தில் 12 படங்களுக்கு ஒருமுறை சுருள் மாற்றுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

துருத்தியும் பெரிய பெட்டியுமாக, இரு கைகளாலும் தூக்க வேண்டிய காமிரா என்றால் அது அநேகமாக அமெரிக்க ஸ்பீட் கிராஃபிக். இதன் முதல் மாதிரி 1912-இல் வந்தது. 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவுள்ள தனித்தனிப் படத்தாள்களை இதில் செருக வேண்டும். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' (2006) படத்தில், இவோ ஜிமா தீவின் மலையுச்சியில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் காட்சியை ஒருவர் இந்தக் காமிராவால் எடுப்பதைப் பார்க்கலாம். ஜோ ரோசெந்தால் என்பவர் 1945 பிப்ரவரி 23 அன்று எடுத்த உலகப் புகழ் பெற்ற படம் அது. கொடிமரம் திடீரென்று எழும்ப, அவர் வியூ பைண்டர் வழியாகப் பார்க்கக்கூட நேரமில்லாமல் காமிராவைத் திருப்பி ஷட்டரைத் தட்டினார். ஒரே தட்டு, ஒரே தாள்.

அவர் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/400 வினாடி. அது போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொடிமரத்தின் நுனி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/400 வினாடியில் அது நகரும் தூரம் 5 மி.மீ. காமிரா 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, வில்லையின் குவியத் தூரம் 135 மி.மீ. என்று கொண்டால், பிம்பம் பொருளைவிட ஏறத்தாழ 74 மடங்கு சிறியது. ஆகவே படத்தாளில் நுனி நகர்ந்த தூரம் 0.07 மி.மீ.தான். பத்திரிகைப் பக்கத்துக்காக இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 0.14 மி.மீ. கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும்!

ஸ்பீட் கிராஃபிக்கை வைத்திருக்கும் நடிகரிடம் ஒரு தவறை நீங்கள் எளிதில் பிடிக்கலாம். ஒரு படம் எடுத்ததும் மறைப்புத் தகட்டைச் செருகி, தாள் கூட்டைத் திருப்பிப் போட்டு, தகட்டை உருவி, ஷட்டரை மீண்டும் முறுக்கியாக வேண்டும். இதெல்லாம் இல்லாமல் அவர் டக் டக்கென்று மூன்று படம் எடுத்தால், அவர் எடுத்தது ஒன்றுமில்லை.

கோணத்தால் தூரம் அளக்கும் காமிரா

இனி 35 மி.மீ. சுருள் போடும் சிறிய காமிராக்களுக்கு வருவோம். தலை மட்டமாக இருந்து, முகப்பில் சிறு சன்னல்கள் தெரிந்தால் அது தூரமானி பொருத்திய காமிரா. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவின் பின்வந்த மாதிரிகளும், 1936-இல் வந்த காண்டாக்ஸ் 2-உம் இந்த வகை. இரண்டுமே ஜெர்மன் தயாரிப்புகள்.

தூரமானி வேலை செய்வது எப்படி? உங்கள் ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரலைத் தள்ளிக்கொண்டு போனால் அந்த மாற்றம் குறையும். காமிராவின் இரு சன்னல்களும் இரு கண்கள். இரண்டின் பிம்பங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை வில்லையைத் திருப்பினால், காமிரா சரியான தூரத்துக்குக் குவிந்துவிட்டது என்று பொருள். காண்டாக்ஸ் 2-இல் சன்னல்களுக்கு இடையே ஏறத்தாழ 90 மி.மீ. இடைவெளி. 2 மீட்டரில் நிற்பவருக்கு இது சுமார் 2.6 பாகைக் கோணம் தரும். 20 மீட்டரில் நிற்பவருக்கு கால் பாகைதான். அந்தச் சின்னஞ்சிறு கோணத்தைக் காமிரா சரியாக அளந்தாக வேண்டும். அக்கால லைக்காவில் இந்த இடைவெளி 39 மி.மீ. மட்டுமே. போர்முனைக்காரர் சிலர் காண்டாக்ஸை விரும்பியதற்கு இது ஒரு நல்ல காரணம் என்பது என் கருத்து.

ராபர்ட் காப்பா 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியபோது அவரிடம் இரண்டு காண்டாக்ஸ் 2 காமிராக்கள் இருந்தன. குலுங்கிக் கலங்கிய அந்தப் படங்களின் தோற்றம் 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) படத்தைப் பாதித்தது. அதில் காமிராவோடு ஒரு பாத்திரம் முக்கியமாக வருவதில்லை. ஆனால் படம் பிடித்த சினிமாக் காமிராவே காப்பாவாக நடித்திருக்கிறது எனலாம். வழக்கமாக ஒவ்வொரு சட்டத்துக்கும் 1/48 வினாடி ஒளி விழும். அந்தக் காட்சிகளில் ஷட்டரின் திறப்பைக் குறுக்கி, சில இடங்களில் ஏறத்தாழ 1/200 வினாடி அளவுக்கு ஒளி விடப்பட்டது. அதனால்தான் மண்துகள்கள் தனித்தனியே வெட்டி வைத்தாற்போல் தெரிகின்றன. காப்பா 1954 மே 25 அன்று இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதித்து இறந்தார். அன்று அவரிடம் இருந்தவை ஒரு காண்டாக்ஸும் ஒரு நிக்கானும்.

திரைப்படக்காரர்கள் இங்கே ஒரு தந்திரம் செய்வதுண்டு. பழைய லைக்காவுக்கு விலை அதிகம். சோவியத் நாட்டில் கார்கோவ் நகரில் 1934 முதல் 'ஃபெட்' என்ற பெயரில் லைக்காவைப் பார்த்தே ஒரு காமிரா செய்தார்கள். போருக்குப் பின் காண்டாக்ஸின் அச்சுகளும் இயந்திரங்களும் சோவியத் நாட்டுக்குப் போய், அவற்றிலிருந்து 'கீவ்' காமிரா பிறந்தது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பிபோல் இருக்கும். ஃபெட்டின் மேல் லைக்கா என்றும் ஜெர்மன் படைச் சின்னங்களும் பொறித்து விற்ற போலிகள் ஏராளம். இவற்றைப் பிடிக்க, வில்லையைக் கழற்றி உள்ளே பாருங்கள். தூரமானியைத் தள்ளும் நெம்புகோலின் முனையில் உருண்டைச் சக்கரம் இருந்தால் லைக்கா. ஆப்புபோல் தட்டை முனை இருந்தால் ஃபெட். சினிமாத் திரையில் இதைப் பார்க்க முடியாதுதான்!

'தி கிரேட் எஸ்கேப்' (1963) என்ற படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் சிறைமுகாமில் போலி அடையாளச் சீட்டுகள் தயாரிக்கும் கைதி ஒருவர், பொருள் தேடிக் கொடுக்கும் நண்பரிடம் காமிரா கேட்கிறார். ஏதோ ஒன்று போதும் என்று சொல்லவில்லை. 35 மி.மீ. என்றும் குவியத்தள ஷட்டர் என்றும் விவரமாகக் கேட்கிறார். குவியத்தள ஷட்டர் என்பது சுருளுக்கு மிக அருகே ஓடும் திரை. அதிலுள்ள ஒரு பிளவு சுருளின் மேல் நகர்ந்து செல்லும்போது ஒளி விழுகிறது. மிக விரைவான ஓட்டத்தைப் பிடிக்கவும், வில்லைகளை மாற்றிப் பொருத்தவும் அது உதவும். ஆனால் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கைதியின் முகத்தை எடுக்க அது எதற்கு? வில்லைக்குள் அமைந்த சாதாரண ஷட்டரே போதுமே! கைதி கொஞ்சம் அதிகமாகவே ஆசைப்பட்டுவிட்டார்.

தலையில் கூம்பு இருந்தால்?

காமிராவின் உச்சியில் கூரைபோல் ஒரு கூம்பு தெரிந்தால், உள்ளே ஐங்கோணப் பட்டகம் இருக்கிறது. இது எஸ்.எல்.ஆர். காமிரா. இதில் படம் எடுக்கும் வில்லை வழியாகவே நாம் பார்க்கிறோம். ஓர் ஆடி ஒளியை மேலே அனுப்ப, பட்டகம் அதை முழு அகப் பிரதிபலிப்பாலும் வெள்ளிப் பூச்சாலும் திருப்பித் திருப்பி, பிம்பத்தை நிமிர்த்தி, இடவல மாற்றத்தையும் நீக்கிக் கண்ணுக்குத் தருகிறது. ஆட்டுக்குட்டி இப்போது சரியான திசையில் ஓடும்!

கூம்புத் தலைக் காமிராக்கள் கடைக்கு வந்தது 1940-களின் இறுதியில்தான். ஆகவே இரண்டாம் உலகப் போர்ப் படம் எதிலாவது கூம்பு தெரிந்தால் தயங்காமல் தவறு என்று சொல்லிவிடுங்கள். வியட்நாம் போர்ப் படம் என்றால் கதை வேறு. அங்கே கூம்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 1959-இல் ஜப்பானில் வந்த நிக்கான் எஃப், எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. செய்திப் புகைப்படக்காரர்களின் கருவி என்றாலே அதுதான் என்னும் நிலை அன்று இருந்தது. 'அப்போகலிப்ஸ் நவ்' (1979) படத்தில் டெனிஸ் ஹாப்பர் நடித்த பித்துப் பிடித்த புகைப்படக்காரர் கழுத்து நிறைய நிக்கான்களைத் தொங்கவிட்டிருப்பார். 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) படத்து இளம் ராணுவப் புகைப்படக்காரன் கையிலும் நிக்கான் எஃப்தான்.

ஒருவருக்கு எதற்கு இத்தனை காமிரா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஒன்றில் அகலப் பார்வை வில்லை, இன்னொன்றில் தொலைவுப் பார்வை வில்லை. ஒன்றில் கறுப்பு வெள்ளைச் சுருள், இன்னொன்றில் வண்ணச் சுருள். வில்லையை மாற்ற ஆகும் பத்து வினாடியில் காட்சி போய்விடும். அதைவிட முக்கியம், 36 படம் முடிந்தால் சுருள் மாற்ற வேண்டும். மாற்றும்முன் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி அதன் கூட்டுக்குள் சேர்க்க வேண்டும். ஒரு திருமணத்தில் இதை மறந்து, காமிராவின் முதுகைத் திறந்து, தாலி கட்டிய படம் உட்பட எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குப் பலி கொடுத்தவன் நான். மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அண்மையில் வந்த 'சிவில் வார்' (2024) கற்பனையான ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றியது. எல்லாரும் டிஜிட்டல் காமிராவோடு அலைய, அதில் வரும் இளம்பெண் மட்டும் தன் தந்தையின் நிக்கான் எஃப்.இ.2 காமிராவைச் சுமக்கிறாள். 1983-இல் வந்த இதன் ஷட்டர் 1/4000 வினாடிவரை ஓடும். எடுத்த சுருளை வழியிலேயே கழுவவும் செய்கிறாள்.

மறைந்துபோன முகம்

கழுவுதல் என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருவது 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' (1984). 1975 ஏப்ரலில் கம்போடியத் தலைநகர் நோம் பென், கெமர் ரூஜ் படையிடம் வீழ்ந்தபின் நடக்கும் காட்சி. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் பிரெஞ்சுத் தூதரகத்தில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அவர்களுடைய கம்போடிய நண்பர் டித் பிரான் வெளியே அனுப்பப்பட்டால் உயிர் பிழைப்பது அரிது. அவருக்கு ஒரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைத் திருத்திக் கொடுக்கப் பார்க்கிறார்கள். பாஸ்போர்ட் இருக்கிறது, காமிரா இருக்கிறது, ரசாயனங்கள்தாம் சரியாக இல்லை. கிடைத்ததைக் கொண்டு படம் எடுத்து, கழுவி, ஒட்டியும் விடுகிறார்கள். எல்லாரும் மகிழ்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்த முகம் மங்கி மறைந்துவிடுகிறது. பிரான் தூதரகத்தை விட்டு வெளியேற வேண்டியதாகிறது.

இந்தக் காட்சியை நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியதுண்டு. ஏன் மறைந்தது என்று கேட்டால், டெவலப்பர் போதவில்லை என்று உடனே பதில் வரும். யோசித்துப் பாருங்கள். டெவலப்பர் என்ன செய்கிறது? ஒளி பட்ட வெள்ளி புரோமைடுத் துகள்களைக் கறுத்த வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. அது போதாவிட்டால் படம் முதலிலேயே வெளிறித்தான் இருக்கும். நன்றாகத் தெரிந்த முகம் பிறகு மறைவது அடுத்த கட்டத்தின் கோளாறு. ஒளி படாத துகள்கள் தாளில் அப்படியே இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கரைத்து அகற்றுவது ஹைப்போ என்ற சோடியம் தயோசல்ஃபேட். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டிருந்தார். இருபது ஆண்டு கழித்து, 1839-இல், அது புகைப்படக் கலைக்குப் பயன்பட்டது. ஹைப்போ இல்லையென்றால் வெளிச்சத்தில் அந்த மிச்சத் துகள்களும் கறுக்கத் தொடங்கும். முகமும் பின்னணியும் ஒரே கருமையாகிவிடும். ஆகவே இந்தக் காட்சியைக் கண்டிப்பான ஆசிரியனாகத் திருத்தச் சொன்னால், முகம் வெளிறி அல்ல, இருண்டு மறைய வேண்டும் என்பேன். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இதைப் பார்க்கலாம். வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்பு நீரைச் சொட்டவிட்டால் வெள்ளை வீழ்படிவு வரும். ஆசிரியர் உடனிருக்கும்போது அதை வெயிலில் வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் ஊதாவாகக் கறுக்கும்.

டித் பிரான் நான்கு ஆண்டுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்து, 1979-இல் தாய்லாந்து எல்லையை அடைந்தார். பிறகு 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் புகைப்படக்காரராகவே சேர்ந்து பணிபுரிந்து, 2008-இல் காலமானார்.

விசாரணைக்கு வந்த காமிரா

இனி நான் முதலில் சொன்ன விசாரணை. 1972 ஜூன் 8 அன்று தென் வியட்நாமில் திராங் பாங் என்ற ஊரின்மேல் நேபாம் குண்டு விழுந்தது. உடலெல்லாம் எரிகாயத்தோடு ஆடையின்றி ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமி கிம் புக்கின் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நிக் ஊட் எடுத்ததாக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அறிந்த படம் அது. 2025-இல் வெளிவந்த 'தி ஸ்டிரிங்கர்' என்ற ஆவணப்படம், அதை எடுத்தவர் வேறொருவர் என்று வாதாடியது. நிக் ஊட் அதை மறுத்தார்.

சாட்சிகள் பலர் இறந்துவிட்டார்கள். இருப்பவர்களின் நினைவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அப்போது பேசத் தொடங்கியது நெகடிவ். காமிராவுக்குள் சுருளுக்கு முன்னால் ஒரு செவ்வகச் சன்னல் உண்டு. அது சுருளை ஏறக்குறைய ஒட்டியே இருப்பதால் அதன் நிழல் மிகக் கூர்மையாக விழும். ஒவ்வொரு கம்பெனியும் இந்தச் சன்னலைத் தன் போக்கில் வெட்டியிருக்கும். மூலையில் சிறு வளைவு, ஓரத்தில் சிறு பிசிறு, அகலத்தில் மயிரிழை வித்தியாசம். அவை அனைத்தும் படத்தின் விளிம்பில் பதிந்துவிடும். பத்திரிகையில் அச்சிடும்போது விளிம்பை வெட்டிவிடுவதால் நாம் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்தப் படம் லைக்கா எம்2 காமிராவால் எடுக்கப்பட்டது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் அசோசியேட்டட் பிரஸ், நெகடிவை ஆராய்ந்ததில் அது லைக்காவாக இருக்க வாய்ப்பு குறைவு, பெண்டாக்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கூறியது. தாம் பெண்டாக்ஸும் வைத்திருந்ததாக நிக் ஊட் சொன்னார். பெயரை மாற்றும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை என்று அந்த நிறுவனம் அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அதே மாதத்தில் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற அமைப்போ, எடுத்தவர் பெயரை நிறுத்தி வைத்தது. வழக்கு இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து நெகடிவ்கள் இருந்தால் எடுத்து, கைபடாமல் ஓரத்தைப் பிடித்து, ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே நல்ல உருப்பெருக்கியால் அவற்றின் நான்கு மூலைகளையும் பாருங்கள். அதே அலமாரியில் பழைய காமிராவும் இருந்தால், உள்ளே சுருள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதன் முதுகைத் திறந்து, சன்னலின் மூலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெகடிவைத் திருப்பிப் பிடிக்க மறக்காதீர்கள். சன்னலில் இடப்பக்கம் இருப்பது அதில் வலப்பக்கம் தெரியக்கூடும்.